ஆயுத பூஜைக்குக் கழுவிய வண்டி

மஸ்கட்

அன்புள்ள அமுதவல்லிக்கு,

உன் தலைவலி தேவலையா? பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டதா? நான் ஏதோ இருக்கிறேன். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் லீவில் ஊருக்கு வரும் சர்தார் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் இங்கே வந்ததிலிருந்து கொட்டகையில் கிடந்த வண்டியை வெளியே எடுத்தது நல்லது. "வருசா வருசம் ஆயுத பூசைக்குக் கழுவிப் பொட்டு வெச்சனுங்களே, அப்பறம் டேங்க் எப்படிங்க துருப் புடிச்சுது?" என்று கேட்டாய். மூடியின் ரப்பர் காய்ந்துபோய், கழுவிய தண்ணீர்தான் உள்ளே இறங்கியிருக்கிறது. சாமியாக வைத்துக் கும்பிட்டாய். வண்டியாக ஓட்டத்தான் ஆளில்லை.

பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடும்படி மெக்கானிக் ஜீஷானிடம் சொல். டேங்கையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்யாமல் கிக்கரை உதைக்க வேண்டாம். வெடித்துப்போன டயர்களையும் மாற்றிவிடு.

போன மாதம் குடோனில் ஓர் இரும்புத் தகடு சரிந்து என் வலது காலில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். சாப்பாட்டுக்கும் குறையில்லை. பொங்கலுக்குள் ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது.

பாய் திரும்பி வரும்போது கொஞ்சம் ராகி மாவு கொடுத்துவிடு. இங்கே கிடைப்பதில் நம் வீட்டு வாசம் இல்லை.

இன்னொன்று, ஜீஷானிடம் சொல்லி நீ வண்டி ஓட்டப் பழகிக்கொள். நான் வரும் அன்றைக்கு மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு நீயே எடுத்து வா. பாய் பையை மூடுகிறார், நிறுத்துகிறேன். பின்னால் உட்கார்ந்து வர எனக்கு ஒரு கால் போதும்.

மாதவராஜ்