நடைமேம்பாலத்துக்கு ஒரு வாக்குமூலம்

புனே,
நவம்பர் 14

அன்புத் தம்பி டெக்ஸ்டருக்கு,

அக்கா ஆட்ரி எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் சுகம். மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த விஷயத்தைப் போனில் தொடங்கினால் பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். தமிழ் படிக்க உனக்கு நேரமாகும். பரவாயில்லை, கடைசிவரை படி.

ஏரவாடா பெரிய ரோட்டில் நடைமேம்பாலம் கட்ட அரசிடம் நிதி கேட்டு, எங்கள் அலுவலகம் மாநகராட்சிக்காக விண்ணப்பம் தயாரித்தது. எந்த இடம் என்று உனக்கே தெரியும். வரைபடம், மதிப்பீடு எல்லாம் சரியாக இருந்தும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போலீஸ் பதிவில் நாலே விபத்துதான் இருக்கிறது, பாலத்துக்கு அவசியம் தெரியவில்லை என்று குறிப்பு. ஆதாரத்தோடு மறுபடி அனுப்பப் பத்து நாள் அவகாசம். அங்கே அடிபட்டவர்களில் எத்தனை பேர் ஸ்டேஷன் படி ஏறியிருப்பார்கள்? நானும் கூட வேலை பார்க்கும் மும்தாஜும் வீடு வீடாகப் போய் வாக்குமூலம் வாங்கினோம்.

ஏழாம் நாள் ஒரு தமிழ் வீடு. இட்லி மாவு விற்கும் லீலா அக்கா. ஆறு வருடத்துக்கு முன் பஸ்ஸைப் பிடிக்க டிவைடரைத் தாண்டிக் குதித்தாராம், பைக் மோதிக் கால் முறிந்ததாம். "ஓட்டினது சின்னப் பையன். ஆட்டோவுல என் தலைய மடியில வச்சுக்கிட்டு அக்கா அக்கான்னு அழுதுச்சு" என்றார்.

அந்தப் பையன் நீதான், டெக்ஸ்டர். மறுநாள் நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் கட்டில் காலியாக இருந்தது ஆபரேஷனுக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியதால். நீயோ யாரையும் கேட்காமல் அவர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, ஊரைவிட்டே போனாய். நானாவது விசாரித்திருக்கலாம். பயந்துவிட்டேன்.

லீலா அக்கா இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறார், அவ்வளவுதான். எனக்கு டீ போட்டு அவரே கொண்டுவந்தார்.

அவன் என் தம்பி என்று சொன்னேன்.  அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தம்பி நல்லா இருக்குதா?" எனக்கு அழுகை நிற்கவில்லை. மும்தாஜ்தான் பேனாவை வாங்கி மராத்தியில் எழுதினாள். கையெழுத்துப் போடுமுன் லீலா அக்கா நிறுத்தினார். "அந்தப் புள்ள ஓடிப்போகல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துச்சு. அதையும் எழுதுங்க, அப்பத்தான் போடுவேன்" என்றார்.

எங்கள் மேலதிகாரி பத்மநாபன் சார் அதைப் படித்துவிட்டு, நிதி விண்ணப்பத்துக்கு இந்த வரி எதற்கு என்று கேட்டார். இருக்கட்டும் சார் என்றேன். விட்டுவிட்டார். முப்பத்தேழு வாக்குமூலங்களோடு கடைசி நாள் மாலை நாலரைக்கு அனுப்பினோம். நேற்று ஒப்புதல் வந்தது. ஆபீஸில் பேடா கொடுத்தார்கள். வேலை ஆரம்பிக்க இன்னும் எத்தனை மாதமோ. ஆனாலும் பாலம் வரும்.

நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். நீயும் இன்று தூங்கு.

லீலா அக்கா உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார். கிறிஸ்துமஸுக்கு லீவு கேள், தம்பி. அந்த வீட்டுக்கு நீ தனியாகப் போகவேண்டாம், நானும் வருகிறேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அக்கா,
ஆட்ரி