அட்ரினலின் போட்டாச்சு

செப். 8, திங்கள்
காலையிலேயே புழுக்கம். எண்ணூர்ப் பக்கத்து ஆலை நெடி வேறு. துணி காயவில்லை.

எமர்ஜென்சிக்கு வந்து ஒரு மாதம். நின்றுபோன இதயத்தை மீட்கும்போது மருந்து போடுவது என் வேலை. போட்டதும் என்ன மருந்து, எவ்வளவு என்று எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். என் குரல் எனக்கே கேட்காது. இன்சார்ஜ் ஸ்டெல்லா சிஸ்டர், பாளையங்கோட்டைக்காரர், கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்குள்ள சத்தம் வரலன்னா பொது வார்டுக்கு மாத்திடுவேன்." எனக்கு இந்த இடம்தான் வேண்டும்.

என் கணவர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். "இதுக்கா பேஜாராவுற? வயித்துலேந்து வுடு, தானா வரும்." மொட்டைமாடியில் நின்று கத்தினேன், "அட்ரினலின் ஒரு மில்லிகிராம்." பக்கத்து வீட்டு அக்கா எட்டிப்பார்த்து, "இன்னா மீனு அது?"

செப். 9, செவ்வாய்
பொம்மையை வைத்து ஒத்திகை. குரல் பிரமாதம். ஆனால் கணவரின் ஏலப் பாணியில் மூன்று முறை சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்த பிரியா மூன்று டோஸ் என்று குறித்துவிட்டாள். சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு தடவ போட்டா ஒரு தடவதான் சொல்லணும். யாரும் வெல ஏத்தப் போறதில்ல." பொம்மை பிழைத்தது, என் மானம் போனது.

வாங்க: சோப்பு, பச்சை மிளகாய், பனங்கற்கண்டு (தொண்டைக்கு).

செப். 11, வியாழன்
மாலை மழை. கன்டெய்னர் லாரி ஓட்டுநர், வண்டியிலேயே மயங்கியவர். நாடி இல்லை. மார்பை அழுத்த ஆள் மாற்றி ஆள். இரண்டாவது ஷாக்கும் பலிக்கவில்லை. டாக்டர் கேட்டார், போட்டேன். பின்னாலேயே சலைன், மருந்து இறங்க ஓட்டுநரின் கையைத் தூக்கிப் பிடித்தேன். "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் போட்டாச்சு." ஒரே முறை. அறை முழுக்கக் கேட்டது. அடுத்த ஷாக்குக்கும் துடிப்பு தாறுமாறு. "அமியோடரோன் முந்நூறு போட்டாச்சு." குரல் நடுங்கவில்லை. மறுபடி அட்ரினலின், மறுபடி ஷாக். கழுத்தில் விரல் வைத்த சிஸ்டர், "நாடி கீது" என்றார். பாளையங்கோட்டை வாயில் மெட்ராஸ் "கீது". சிரிப்பை அடக்க முடியவில்லை.

செப். 12, வெள்ளி
வார்டு மாற்றல் என்னாச்சு என்று நானே கேட்டேன். "எந்த வார்டு?" என்றார் சிஸ்டர். அவ்வளவுதான். நான் எமர்ஜென்சி.

லாரிக்காரர் கண் திறந்துவிட்டார், டீ கேட்கிறாராம். வாசலில் வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தபோது, என் குரல் கேட்டு லாரிக்காரரின் மனைவி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து உள்ள கத்தினது நீதானே? கதவாண்டதான் நின்னுகினு இருந்தேன். மருந்து போட்டாச்சு, போட்டாச்சுன்னு கேட்டுகினே இருந்துச்சு. செத்தவனுக்கு யாரும்மா மருந்து போடுவாங்க? அதான் நான் அழவேயில்ல."

நான்தான் அழுதேன், சந்தோஷத்தில், வாட்ச்மேன் பார்க்கப் பார்க்க.