அந்தக் குமிழைத் திருகாதே

என் இல்வாழ்வின் துணையாகிய உனக்கு,

இறையருளால் நான் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். நம்புவது உன் விருப்பம். உன் நலத்தை நாள்தோறும் வழிபாட்டில் வேண்டுகிறேன். உன்னோடு பணிபுரிவோர் நலத்தையும் வேண்டச் சொல்கிறது மறை. ஒருவரைத் தவிர மற்றவர்களுக்காக வேண்டியாயிற்று.

மகள் வந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்தாள். மூட்டுவலி தேவலை. நீ ஈயம் பற்றவைத்தபோது உணவு மேசையில் விழுந்த சூட்டுத் தழும்புகளின்மேல் இப்போதெல்லாம் விரிப்புப் போடுவதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. கண்காட்சிக் கூடத்தில் நீ மின்சுற்றால் பெய்விக்கும் மழையைக் கேட்டு ஒரு பெண்மணி குடையை விரித்தாராமே, மகிழ்ந்தேன். அடுத்த பத்தியில் தவளைக்காரர் வந்துவிட்டார். அதற்கடுத்த பத்தியிலும் அவரே. நாலைந்து டிரான்சிஸ்டர்களை இணைத்து அவர் செய்த தவளை கத்தினால் குளமே கண்முன் வருகிறது என்கிறாய். மணமான நாள்முதல் உனக்குப் பழம்பாடல்களைப் பண்ணோடு படித்துக் காட்டியவன் நான். ஒருநாளாவது குளம் வந்தது என்று சொல்லியிருப்பாயா? மகளிடம் முறையிட்டேன்.

"அப்பா, தவளையைப் பாத்துப் பொறாமைப்படற ஒரே மனுஷன் நீங்கதான். அவருக்குப் பேரப்பிள்ளைங்களே இருக்காங்கப்பா" என்று சிரித்தாள்.

பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், மனைவி இல்லை. இரண்டையும் நீதான் எழுதியிருந்தாய்.

பழம்பாடல்களில் தலைவன் பிரிந்து செல்வான்; தலைவி வாடியிருந்து பறவையைத் தூது விடுவாள். நம் வீட்டில் பிரிந்தவள் நீ. ஆண்மகன் வீட்டிலிருந்து வாடும் முறையை எந்தப் புலவரும் எனக்குச் சொல்லிவைக்கவில்லை. பறவையையோ தவளைக்காரர் கேட்கிறார்! சன்னலருகே நீ செய்து வைத்துவிட்டுச்சென்ற மின்குருவிப் பெட்டியை அனுப்பினால் அவருடைய இரவுக் குளத்துக்கு ஒரு விடியல் கிடைக்குமாம், கண்காட்சி ஆண்டிறுதிவரை நீளுமாம். அனுப்பாவிட்டால் அடுத்த மாதமே வீடு திரும்புவாயாம். எந்தக் கணவனிடம் இப்படிக் கேட்பார்கள்? பொருத்தமான அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொல்லும்படி மகளிடம் சொன்னேன். "அம்மா நம்பமாட்டாங்கப்பா" என்றாள்.

அந்தக் குருவியோடு நான் பட்ட பாட்டைக் கேள். வெளிச்சம் பட்டால் பாடும்படி அதைச் செய்துவைத்தாய். விடியலில் நான் விளக்கேற்றினால், இறைவன் செவிசாய்க்கும் முன்பே அது விழித்துக்கொள்கிறது. துதியின் முதலடியிலேயே குறுக்கே கத்தும். என் நிழலால் மறைத்தால் அடங்கும். விலகினால் மறுபடி தொடங்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பின்புறமுள்ள குமிழைத் திருகினேன். வாயடைத்துப் போகும் என்று நினைத்தேன். மாறாக, ஒரு கூவலுக்கும் மறு கூவலுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. இன்னும் கொஞ்சம் திருகினேன். துதியின் ஓரடி அளவாக அடங்கும் இடம் கிடைத்தது.

அன்றுமுதல் நான் ஓரடி, அது ஒரு கூவல். மகள் ஓசைப்படாமல் வந்து நின்று கேட்டிருக்கிறாள். "நல்ல ஜோடிப்பா! அம்மாவுக்குச் சொல்லட்டுமா?" என்று கேலி செய்தாள். நீ இங்கிருந்தபோது என் ஒவ்வோர் அடிக்கும் அடுக்களையிலிருந்து "ம்" கொட்டுவாயே, அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

நேற்று குருவியைப் பஞ்சில் பொதிந்து அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டினேன். இன்று காலை விளக்கேற்றி, முதலடியைப் பாடி, வழக்கம்போல் நிறுத்தினேன். இருட்டுக்குள் இருந்த குருவிக்கு விடியவில்லை. நானும் அடுத்த அடிக்குப் போகவில்லை.

பெட்டி இக்கடிதத்தோடு வருகிறது. உன் கலைக்குக் குறுக்கே நின்ற பாவம் எனக்கு வேண்டாம். உன் கைத்திறன் மேலும் சிறக்க இறைவன் அருள்வாராக. விடியலை அவர் குளத்துக்கே கொடுத்துவிடு. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்தக் குமிழை மட்டும் திருகாதே. கூவல்களுக்கு நடுவில் இவ்வளவு இடம் வெறுமனே கிடக்கிறதே, ஒரு தவளையை வைப்போமே என்பார் அவர். வைக்க விடாதே.

இப்படிக்கு,
இரண்டாம் அடியோடு காத்திருக்கும்
உன் கணவன்