நான்கு ஆபீஸை வரவழைத்த பொய்

அடியே பொய்க்காரி,

இன்று காலை நம் எஸ்டேட் கோயில் மண்டபத்தில் நுழைந்ததும் ஸ்டாம்ப் மை வாசனை மூக்கில் ஏறியது. பதிவு இலாகா, கிளினிக், கல்வி இலாகா, சமூகநலம் என்று ஆளுக்கொரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வருடா வருடம் நடப்பதுதான். உன் ஒரு பொய்யில் தொடங்கிய வேலை இது என்று அவர்களுக்கு எங்கே தெரியும்? நீ இருந்திருந்தால் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

அப்போது என் மகளுக்குப் பள்ளிக்கூட வயது. வீட்டில் பிறந்தவள், பிறப்புப் பத்திரம் இல்லை. அது இல்லாமல் பள்ளியில் சேர்க்க முடியாது. பதிவு ஆபீஸில் கிளினிக் கடிதம் கேட்டார்கள். கிளினிக்கில் சமூகநல ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் மறுபடியும் பதிவு ஆபீஸ். நான் பஸ் ஏறி ஏறி ஓய்ந்த கதையை, தோட்டத்தில் என் பக்கத்தில் செம்பனைப் பழம் பொறுக்கிக்கொண்டே கேட்டாய்.

"ஏன்டி, அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேச மாட்டாங்களா?"

"நீ போய் சம்பந்தம் பேசி முடியேன்" என்றேன், கிண்டலாக.

போயேவிட்டாய். நான்கு ஆபீஸிலும் ஒரே பேச்சு. "மத்த மூணு பேரும் புதன்கிழமை எஸ்டேட்டுக்கு வர்றாங்க துவான். நீங்கதான் பாக்கி."

புதன்கிழமை நான்கு வண்டிகள் வந்து நின்றன! வாயைப் பிளந்து நின்றேன். அதைவிடப் பெரிய அதிசயம், டவுனில் ஒரே ஜாலானில், அடுத்தடுத்த கட்டடத்தில், ஒரே தெருவில் வேலை செய்கிறவர்கள், நம் மண்டபத்தில்தான் முதல் தடவையாகக் கை குலுக்கிக்கொண்டார்கள். "டுடோ துவான், டுடோ லா" என்று மலாயில் உபசரித்து, பந்தியில் உட்கார வைப்பதுபோல் வரிசையாக உட்கார வைத்தாய். என் மகளின் காகிதம் கை மாறிக் கை மாறிப் போனது. நான் மாதக்கணக்கில் அலைந்த தூரத்தை, அவர்களுடைய தேநீர் ஆறுவதற்குள் அது நடந்து முடித்தது. பத்திரம் பிறகுதான் வந்தது. ஆனால் கல்வி அதிகாரி, பதிவு ஆபீஸ்காரர் எழுதித் தந்த ரசீதைப் பார்த்தே, பள்ளி திறந்ததும் பிள்ளையை அனுப்பச் சொல்லிவிட்டார். கிளம்பும்போது நால்வரும் ஒருவருக்கொருவர் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்; அடுத்த வருடம் யாரும் கூப்பிடாமலே சேர்ந்து வந்தார்கள்.

உன்னைத் தேடினேன். மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் குந்தியிருந்தாய்.

"என்னடி மந்திரியம்மா, இங்க ஒளிஞ்சிருக்க?"

"ஒருத்தர் வராம போயிருந்தாலும் எல்லாம் கெட்டிருக்கும்டி. உன் பிள்ள மொகத்துல எப்படி முழிப்பேன்?"

எனக்குக் கிண்டல் வரவில்லை. உன் கையைப் பிடித்தேன். ஜில்லென்று நடுங்கியது. வேலை வாங்கும் மண்டோரையே எதிர்த்துப் பேசுகிறவளுக்குப் பயமே கிடையாது என்றல்லவா நினைத்திருந்தேன்! இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டா நான்கு ஆபீஸ் படி ஏறினாய், என் பிள்ளைக்காக?

இப்போதும் ஏதாவது ஆபீஸ் வாசலில் என் கால் தயங்கும். உன் கை நடுங்கியதை நினைத்துக்கொள்வேன். ஏறிவிடுவேன்.