துக்க வீட்டில் நீ பார்த்தது

இன்று காலை உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சாவு ஊர்வலம் போயிற்று, பறையும் சரவெடியுமாக. வெடிமருந்து வாசனை டீக்கடைக்குள் வந்ததும் நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிட்டேன். பட்டாளத்தை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் இந்த உடம்புக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் இன்னும் உரக்கச் சிரித்திருப்பாய்.

தொண்ணூறுகளின் கடைசியில், வடகிழக்கு மலையில், நாம் ரோந்து போன அந்தக் காலை உனக்கு நினைவிருக்கும். மேட்டிலிருந்த கிராமத்தில் துப்பாக்கி வெடித்தது. வயல் வரப்புக்குப் பின்னால் எல்லோரும் விழுந்து படுத்தோம். மறுபடியும் வெடித்தது. நம் அதிகாரி, வடநாட்டு இளைஞர், கையை உயர்த்திவிட்டார். அது இறங்கினால் நாம் சுட வேண்டும்.

நீதான் தலையைத் தூக்கிப் பார்த்தாய். "மச்சான், இது சண்ட இல்ல, சாவு. யாராச்சும் ஓடறாங்களா பாரு. பொம்பளைங்க வெறகு தூக்கிக்கினு ஒரே வூட்டுக்குப் போறாங்க. நம்மூர்ல வெடி போடறாங்களே, அதே கதைதான்."

உன் அரைகுறை இந்தியில் அதிகாரியிடமும் சொன்னாய். அவர் நம்பவில்லை. நீ துப்பாக்கியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து நின்றாய். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "எழவு வூட்டுக்கு இத்த எடுத்துக்கினா போவாங்க?" என்று உதறிவிட்டு நடந்தாய்.

வழியில் ஒரு கிழவியின் விறகுச் சுமையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டாய். வாசலில் நின்றவர்களுக்கு வணக்கம் சொல்லவில்லை, சிரிக்கவில்லை, நம் ஊரில் செய்வது போலவே. அங்கேயும் அதுதான் முறையா என்று உனக்கு எப்படித் தெரியும்? விறகை இறக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனாய். அந்த வாசலைப் பார்த்தபடி உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே கிடந்தேன். அதிகாரியின் கை இறங்கவே இல்லை.

கண் சிவந்து திரும்பி வந்தாய். ஊர்ப் பெரியவர் இறந்துவிட்டார், மரியாதைக்கு நாட்டுத் துப்பாக்கியால் வானத்தில் சுடுகிறார்கள் என்றாய். அதிகாரி உன்னைத் தட்டிக்கொடுத்தார். பிறகுதான் ஆரம்பித்தார். உள்ளே இளைஞர்கள் எத்தனை பேர், வேறு துப்பாக்கி உண்டா, வெளியூர் முகம் ஏதாவது? இனி அந்த ஊரில் எந்தச் சாவு நடந்தாலும் நீயே போய்ப் பார்த்துவந்து சொல்ல வேண்டும் என்றார். துக்கம் கேட்கப் போனேன், அதைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை என்று நீ சொன்னதும் அவர் முகம் இறுகியது. உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு அதோடு போயிற்று.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அதுல ஒருத்தன் நாளைக்கி நம்மள சுட்டா இன்னா பண்ணுவ?" என்று கத்தினேன்.

"துக்கத்துக்குப் போய்ட்டு காட்டிக் குடுத்தா, அப்பறம் எந்த வூட்ல மச்சான் நம்மள உள்ள வுடுவாங்க?"

அதற்குப் பிறகு அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நீ சொல்லாமல் விட்டது ஏதோ இருக்கிறது என்று பயந்து பயந்து நடந்தேன். மாற்றலாகி வரும்வரை ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தப் பயத்துக்காக உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

கடைசியாக, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது கேட்டேன். "அன்னிக்கி உள்ள வேற இன்னா பாத்த?"

"அழுதுகினு இருந்தாங்க. எனக்கும் அழுக வந்துடுச்சி."

"அத்த தவுர?"

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

எந்த வீட்டுக்குள் போனாலும் வாசல் எத்தனை, ஆள் எத்தனை, யார் கை எங்கே இருக்கிறது என்று என் கண் தானாக எண்ணும். கோயிலில்கூட எண்ணும். உன்னைக் கிடத்தியிருந்த வீட்டுக்குள் வந்தேன். யார் யார் வந்திருந்தார்கள் என்று பிறகு என் மனைவி கேட்டாள். அழுததைத் தவிர எனக்கு ஒரு முகம்கூட நினைவில்லை.