டம்ளரில் இருக்கும் உன் எழுத்துகள்

முருகன் துணை

மண்ணரை, திருப்பூர்.
கார்த்திகை முதல் வெள்ளி.

அன்புள்ள மகன் முருகவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், கிருத்திகா, பாப்பா மூன்று பேரும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை, உன் கம்பெனியிலிருந்து லீவில் வந்திருக்கும் ராபின் நேற்று வீட்டுக்கு வந்து, அவருக்கென்ன பாட்டி, சதை போட்டு நல்லாத்தான் இருக்காரு என்று சொல்லிவிட்டான். ஜோர்டான் சாப்பாடு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. அவன் திரும்பும்போது கையில் கொடுத்துவிடத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும், நிதானமாகக் கூட்டிப் படி.

கிருத்திகாவுக்கு ஆபீசில் வேலை அதிகம், வருவதற்குள் இருட்டிவிடுகிறது, அவளைக் குறை சொல்வதற்கில்லை. தீபாவளிக்கு அவள் அம்மா எனக்கு எடுத்த சேலை போன வருஷத்து நிறமேதான், அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஞாபகத்தில் வைத்திருக்கிறேன். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நான் எப்போதும்போல பனியன் கட்டு வாங்கி வந்து வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறேன், உட்கார்ந்து செய்கிற வேலைதான், வேண்டாம் என்று நீ சொல்லாதே. மூலனூர்ச் சந்தையிலிருந்து வந்த முருங்கைக்கீரையை உலர்த்திப் பொடி செய்து ராபினிடம் கொடுத்திருக்கிறேன், இட்லிக்கு வைத்துக்கொள், பக்கத்து ரூம்காரனுக்கு அள்ளிக் கொடுத்துவிடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போகும்போது பாப்பாவுக்கு ஒரு விளையாட்டு அட்டை வாங்கிக் கொடுத்தாயே, கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்தை அடுக்கி வார்த்தை சேர்ப்பது, அது பிரிட்ஜ் மேல் அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு என்று சாயங்காலம் நீ போனில் பார்த்துச் சொல்லச் சொல்ல உன் எழுத்தையும் அவளே வைப்பாள், பிறகு தன்னுடையதை வைப்பாள். ஆடி மாதத்தோடு அந்த வெள்ளிக்கிழமை போன் நின்றது. உன் முறையில் நிற்கிறது. உன் எழுத்துகளை எவர்சில்வர் டம்ளரில் போட்டு மூடி வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு வீடு கழுவியபோது அந்த அட்டையைச் சாமி படம் தூக்குகிற மாதிரி நானும் அவளும் இரண்டு பக்கமும் பிடித்துக் கட்டிலுக்கு மாற்றினோம், ஒரு எழுத்து நகரவில்லை. நீ விளையாடு, அப்பனுக்குப் பதிலா நான் வைக்கிறேன் என்றேன். அது அப்பா டர்னுங்க அப்பாயி, வேற ஆளு வெக்கக் கூடாது என்றுவிட்டாள்.

உன் டம்ளரில் எக்ஸ் ஒன்று இருக்கிறது. கண்ணை மூடித்தான் எடுத்தாளாம், விரல் சந்தில் தெரிந்துவிட்டதாம். அதற்கு மார்க் அதிகம், ஆனால் வைப்பது கஷ்டம் என்பதால், எக்ஸ் வரும் குட்டிக் குட்டி வார்த்தையாகத் தேடிப்பிடித்து, நான் பிசிறு வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். எக்ஸ் எனக்கு முன்பே பழக்கம், பனியன் கழுத்து லேபிளில் இத்தனை வருஷமாகப் பார்க்கிற எழுத்துதானே. மிக்ஸ், வேக்ஸ், ஃபிக்ஸ் எல்லாம் கம்பெனியில் கேட்ட சொற்கள், கலப்பது, நூலுக்குப் போடும் மெழுகு, நிலைக்க வைப்பது. தெரியாததற்கெல்லாம் ஒவ்வொரு ஆளை வைத்துக்கொண்டேன், அப்புறம் மறக்கவே இல்லை. ஏக்ஸ் என்றால் கோடாரி, அது பக்கத்து வீட்டு அங்கமுத்துவுக்கு, நான் பழனிக்குப் போன நேரம் பார்த்து என் முருங்கை மரத்தைச் சாய்த்தானே. பாக்ஸ் என்றால் பெட்டி, அது உன் பெரியம்மா பழனாத்தாளுக்கு, பாகம் பிரித்தபோது எங்கம்மா எனக்குக் கொடுத்த தகரப்பெட்டியைத் தன்னது என்று தூக்கிப் போனாள். ஃபாக்ஸ் நரி, அதற்கு நிறையப் பேர் போட்டி. வெக்ஸ் என்றால் மனதை நோகடிப்பது, அது உன் அத்தைக்கு, என் கல்யாணப் பந்தியில் எங்கய்யனைப் பார்த்து, இன்னும் ரண்டு ஆளு சோறு கட்டித் தரட்டுங்களா என்று கேட்டவள். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். ஏனுங்க அப்பாயி, உங்களுக்கு நல்லவங்களே யாரும் கெடைக்கலீங்களா என்றாள்.

ஆக்ஸ் என்றால் காளை, ஓ பக்கத்தில் எக்ஸ், இரண்டே எழுத்து. அதற்கு மட்டும் ஆள் வைக்கவில்லை. எங்கய்யனிடம் ஒரு காளை இருந்தது, எங்கே அவிழ்த்துவிட்டாலும் பொழுது சாய்ந்தால் தானாகக் கட்டுத்தறிக்கு வந்து நிற்கும், அதை எவனுக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

போன வாரம் வார்த்தை சொல்லிக்கொண்டே வந்தவள் வெக்ஸில் நின்று, இதுல அப்பாவையும் சேத்திக்கலாங்களா அப்பாயி என்று கேட்டாள். அழவில்லை, கோபமும் இல்லை, பொத்தான் எத்தனை என்று கேட்கிற மாதிரி கேட்டாள். இருக்கிற ஆளே போதும் கண்ணு என்றேன். அன்றிலிருந்து அப்பா எப்போது கூப்பிடுவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். நீ ஷிப்மெண்ட் அவசரம், நேரமில்லை என்பாய். நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் ஷிப்மெண்ட்டைப் பார்க்கிறேன், எந்த ஷிப்மெண்ட்டும் ஒருத்தன் பேசுகிற வாயைப் பிடித்துக்கொண்டதில்லை.

இன்னொன்று, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆடியில் கடைசியாக அவள் முறை வந்தபோது ஓரத்தில் ஒரு ஓ வரும்படி வைத்து, அதன் பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். அங்கே மார்க் மூன்று மடங்காம். நீயே வெச்சிருக்கலாமே என்றேன். அது அப்பாவுக்குங்க என்றாள். அப்பன் ஜெயிக்கட்டும் என்று இடம் விட்ட பிள்ளை அது.

உடம்பைப் பார்த்துக்கொள், அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. முருகன் உன்னைக் கைவிடமாட்டான், தீர்க்காயுசாக இரு. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, டம்ளரைத் திறக்கச் சொல். ஒருத்தரை ஒரு தடவை மனதில் வைத்துவிட்டால் நான் எடுக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். பாப்பா என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
குப்பாயி