ஹாரனை ஊமையாக்கியவர்

பிப்ரவரி 4
இன்று 'கிடங்கு' என்று தப்பில்லாமல் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். மகள் கற்றுக்கொடுத்தாள், இந்த வயதில் எழுத்து கைக்கு வந்ததில் உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். முதலில் யாரைப் பற்றி எழுதலாம்? சூப்பர்வைசரைப் பற்றித்தான்.

பிப்ரவரி 6
கிடங்கில் மூட்டை தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிவர்ஸில் வந்து என் மருமகன் கால்மேல் ஏறியது. ரிவர்ஸ் போட்டால் கத்தவேண்டிய ஹாரன் கத்தவில்லை. போன் பேச இடைஞ்சல் என்று அதன் ஒயரை வெட்டச் சொன்னதே சூப்பர்வைசர்தான். வெட்டிய டிரைவர் வேலைக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. "கண்ணைப் பிடரியில வச்சுக்கிட்டு நடந்தா இப்படித்தான்" என்று பழியை மாப்பிள்ளை தலையில் கட்டிவிட்டார் சூப்பர்வைசர். முதலாளியும் நம்பி, மாப்பிள்ளையை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். விடமாட்டேன்.

பிப்ரவரி 9
விசில் வாங்கினேன். அங்கே பெருக்குகிறவன் நான். எந்த வண்டி ரிவர்ஸ் எடுத்தாலும் அந்த ஆள் அறை வாசலில் நின்று ஊதுகிறேன். ஹாரனே தேவலை என்று ஆக்கிவிட்டேன். "இன்னும் கொஞ்சம் மூச்சைப் பிடிச்சு ஊதுங்க, தாத்தா" என்கிறார்கள் மூட்டை தைக்கிற பெண்கள். என்ன சுகம்.

பிப்ரவரி 12
விசிலைப் பிடுங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 17
இன்று எழுத்தெல்லாம் கோணல்.
முதலாளி வந்திருந்தார். சூப்பர்வைசர் போனும் காதுமாக, நடைபாதையின் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனார். அவர் முதுகுக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸில் — டிரைவர் கண்ணெல்லாம் முன்னால் சரிகிற மூட்டைமேல். என்னிடம் விசில் இல்லை. வாய் இருந்ததே? திறக்கல. ஏறட்டும்னுதான் நின்னேன். அப்புறம் எதுக்குக் காலரைப் பிடிச்சு இழுத்தேன்? தெரியல.
விழுந்து எழுந்தவர் டிரைவரிடம் பாய்ந்தார். "ஹாரன் அடிக்க மாட்டியாடா?"
டிரைவர் இறங்கினார். "நீங்கதானே சார் ஒயரை வெட்டச் சொன்னீங்க."
முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

பிப்ரவரி 18
எல்லா வண்டியும் கத்துகிறது. காது வலிக்கிறது. வலிக்கட்டும்.

பிப்ரவரி 23
மாப்பிள்ளையை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. சாயங்காலம் சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கு வந்தார், முதலாளி அனுப்பியிருக்கிறார். "என் தப்புதான்" என்றார், தரையைப் பார்த்து. மாப்பிள்ளை, "உட்காருங்க சார்" என்றார். அந்த ஆளுக்கு இருமல் வந்தது. நிற்காமல் இருமினார்.
மகள் தண்ணீர் கொண்டுவரவில்லை. நானும் கொண்டுவரச் சொல்லவில்லை.